ஏலமணி அடிக்குமுன்

சென்ற மாதத்து ஞாயிறொன்றில், பதுளையில் மழை சற்றே விட்டிருந்த காலை வேளையிலே, எமது பழைய மாணவர் ஒருவர் எம்மைக் காண வந்தார். பசறைக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றின் லயக் காம்பராவிலே பிறந்தவர். விடியற்காலை பஸ்ஸிலே நின்றபடி பயணஞ் செய்து எம்மிடம் கல்வி கற்றவர். பின்னர் கட்டார் நாட்டிலே 9 ஆண்டுகள் உழைத்து, 62 இலட்சம் ரூபாவைச் சேமித்துக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறார். தேநீர் அருந்திச் சுகசேமம் விசாரித்து முடிந்ததும், கையிலிருந்த பையைத் திறந்து பத்திரிகைத் துணுக்குகள் சிலவற்றை மேசைமீது பரப்பினார். அத்தனையும் வங்கிகளின் ஏல அறிவித்தல்கள்!

"சேர், காணி வீடு வாங்கி விற்கும் தொழிலில் இறங்கலாமென்று இருக்கிறேன். அதிலும் கடனில் மாட்டிய வீடுகளை மட்டுந்தான் பார்க்கப் போகிறேன்" என்றார்.

எமக்கு அது உவப்பாக இருக்கவில்லை. "தம்பி, இந்தத் துணுக்கு ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் கண்ணீர் விட்டுக்கொண்டிருக்குமே, அதை நினைத்துப் பார்த்தீரா?" என்று கேட்டோம்.

"ஏலத்துக்கு வந்த பிறகு வாங்குவதற்கல்ல, சேர். ஏலத்துக்கு முன்னரே வாங்குவதற்கு. அமெரிக்காவில் இதனை ஷோர்ட் சேல் என்கிறார்கள்" என்றார் அவர்.

அவர் சொன்ன முறையை வாசகர்களுக்கு எளிதில் விளக்கிவிடலாம். ஒருவர் வங்கியிலே கடன் பெற்று வீடு கட்டுகிறார். காலம் மாறுகிறது, தவணை கட்ட இயலவில்லை. வட்டி ஏறி, இன்று கடன் 100 ரூபா என்றால் வீட்டின் பெறுமதி 80 ரூபாவாக நிற்கிறது. ஏலம் போட்டால் 80 கூட வராதென்பது வங்கிக்கும் தெரியும். ஆகவே வீட்டுக்காரரே ஒருவரைத் தேடிப் பிடித்து, வங்கியின் சம்மதத்துடன் வீட்டை விற்கிறார். வங்கி கடனுக்குக் குறைந்த அத்தொகையைப் பெற்றுக்கொண்டு ஈட்டை விடுவிக்கிறது. 2007, 2008 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வீட்டுக் கடன்கள் முறிந்தபோது இவ்வகை விற்பனை அந்நாட்டிலே பெருகிற்று. 2010 இல் அரசாங்கமே அதற்கென ஒரு திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எமது நாட்டிலே இதற்குத் தனிப் பெயரோ தனிச் சட்டமோ இல்லை. ஆயினும் வங்கி மனம் வைத்தால் இதே காரியம் இங்கும் நடக்கிறது.

கடனில் மூழ்கிய சொத்தை மலிவாக வாங்குதல் அமெரிக்கர் கண்டுபிடித்த வித்தை என்று எம் மாணவர் எண்ணியிருந்தார். நாம் அவரைச் சன்னலோரம் அழைத்துச் சென்று மலைகளைக் காட்டினோம். 1869 ஆம் ஆண்டிலே, இதே பதுளை மாவட்டத்து மடுல்சீமையிலேதான், கோப்பி இலையில் துருநோய் முதன்முதலாகக் காணப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளிலே கோப்பி அழிந்தது. தோட்டங்களை ஈடு பிடித்துக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884 இல் முறிந்தது. நேற்றுவரை பெரும் விலை மதித்த தோட்டங்களை ஏனென்று கேட்பாரில்லை. அந்த நிலையிலேதான் 1890 இல் தோமஸ் லிப்டன் என்னும் ஸ்கொட்லாந்து மளிகை வியாபாரி இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு மேலேயுள்ள தம்பேத்தென்ன முதலான தோட்டங்களை மலிவாக வாங்கித் தேயிலையைப் பெருக்கினார். அவர் அமர்ந்து தமது தோட்டங்களைப் பார்வையிட்டதாகச் சொல்லப்படும் உச்சியிலே இன்று உல்லாசப் பயணிகள் படம் பிடித்துக்கொள்கிறார்கள். கடனில் விழுந்த சொத்தை வாங்கி உலகப் புகழ் பெற்றவர் ஊவாவிலேயே இருந்திருக்கிறார்!

அந்தக் கதையிலே எமது மாணவரின் பாட்டன், பூட்டன்மாருக்கும் ஓரிடம் உண்டு. கோப்பித் துரைமார் முறிந்தபோது கூலியாட்களின் சம்பளமும் நிலுவையாக நின்றுபோயிற்று. தோட்டத்தின் மீதான கடன்களிலே தொழிலாளர் சம்பளமே முதற்கடன் என்று அரசாங்கம் 1880 களிலே சட்டஞ் செய்ய வேண்டியதாயிற்று. தோட்டம் கைமாறியது, லயம் இருந்த இடத்திலேயே இருந்தது. லயத்திலே வாழ்ந்தவருக்கு உறுதி இல்லை. உறுதி இல்லாதவருக்கு ஈடு இல்லை. ஈடு இல்லாதவரை எந்த வங்கியும் ஏலம் போடுவதில்லை. தலைமுறை தலைமுறையாக எம்மக்கள் அனுபவித்த 'பாதுகாப்பு' இதுதான்.

இனி எமது நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். ஈடு வைத்த சொத்தை விற்பதற்குச் சாதாரணமாக நீதிமன்றம் செல்லவேண்டும். 1949 ஆம் ஆண்டின் ஈட்டுச் சட்டம் அதற்கு வழி சொல்கிறது. ஆனால் 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு ஒரு குறுக்குவழியைத் திறந்துவிட்டது. இதனையே பத்திரிகைகள் 'பராட்டே சட்டம்' என்று எழுதுகின்றன. வங்கியின் பணிப்பாளர் சபை ஒரு தீர்மானத்தை நிறைவேற்றி, அதனை வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் பிரசுரித்து, நீதிமன்றப் படி ஏறாமலே சொத்தை ஏலத்தில் விற்கலாம். மூலக்கடன் 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்தால் இவ்வழி செல்லலாகாதென்று 2011 இல் ஒரு திருத்தம் வந்தது. சிறு தொழில், நடுத்தரத் தொழில் செய்வோரின் கூக்குரலைக் கேட்டு 2024 இல் பாராளுமன்றம் இவ்வதிகாரத்தைச் சில காலம் இடைநிறுத்தியும் வைத்தது. இவற்றையெல்லாம் எம் மாணவர் அறிந்தே வைத்திருந்தார். கட்டாரில் வேலை செய்த இரவுகளில் படித்தாராம். கல்லூரியிலே அவர் இவ்வளவு ஊக்கமாகப் படித்ததை நாம் கண்டதில்லை.

ஏலத்திலே வாங்குவதற்கும் ஏலத்துக்கு முன் வாங்குவதற்கும் கையிலே வேண்டிய பணத்தின் அளவே வேறு. மாணவச் செல்வங்கள் பென்சிலை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டை ஏலத்திலே 54 இலட்சத்துக்குக் கேட்டு வென்றதாக வைத்துக்கொள்வோம். அறிவித்தல்களிலே வழக்கமாகக் காணும் நிபந்தனைகளின்படி, சுத்தியல் விழுந்த அவ்விடத்திலேயே நூற்றுக்குப் பத்தாக 5 இலட்சத்து 40 ஆயிரம். உள்ளூராட்சி சபைக்கு நூற்றுக்கு ஒன்றாக 54 ஆயிரம். ஏலக்காரருக்கு இரண்டரை வீதமாக 1 இலட்சத்து 35 ஆயிரம். ஆக 7 இலட்சத்து 29 ஆயிரம் ரூபாவை எண்ணி வைக்கவேண்டும். விளம்பரச் செலவும், கூவுபவர் கூலியும், நொத்தாரிசு கட்டணமும் வேறு. எஞ்சிய 48 இலட்சத்து 60 ஆயிரத்தை 30 நாட்களுக்குள் கட்டவேண்டும். தவறினால் வைத்த பணத்தை மறந்துவிட வேண்டியதுதான். அதன்பிறகும் வீட்டிலிருப்போர் வெளியேற மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்திலே கட்டளை பெற்றுத்தான் உள்ளே நுழையலாம். வீட்டின் கூரை ஒழுகுகிறதா, சுவர் வெடித்திருக்கிறதா என்பதை அதற்குப் பின்னரே காண்பார்.

ஏலத்துக்கு முன் வாங்குபவருக்கு இந்த அவசரமில்லை. வீட்டுக்காரரே கதவைத் திறந்து காட்டுவார்; பேசுவதற்கு அவகாசமுண்டு. ஆனால் வங்கியின் பதில் வரும்வரை பொறுமை வேண்டும். இரண்டு மாதமும் ஆகலாம். ஐந்து மாதமும் ஆகலாம்.

இவ்வளவு பேசிய பின், "சேர், ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறேன், தாங்களும் வந்து பார்க்கவேண்டும்" என்று அழைத்தார். மறு சனிக்கிழமை ஹாலிஎல வீதியாற் சென்று, உட்பாதையொன்றிலே 10 பேர்ச் காணியில் நின்ற அந்த வீட்டைக் கண்டோம். முற்றத்திலே துளசிமாடம், சுவரிலே சுண்ணாம்பு மங்கியிருந்தது. வீட்டுக்காரரும் தோட்டத்திலே பிறந்தவர்தாம். லொறியொன்றை வைத்துக் காய்கறி ஏற்றி முன்னேறி, குடும்பத்திலே முதன்முதலாக உறுதி எழுதிக் காணி வாங்கியவர். 2018 இல் 52 இலட்சம் கடன் பெற்று வீட்டைக் கட்டினார். 2020 இல் பெருந்தொற்று. 2022 இல் டீசலுக்கு வரிசை. அந்த ஏப்ரலிலே மத்திய வங்கி தனது வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, இவரது தவணையும் கூடவே ஏறிற்று. லொறியை விற்றார்; பின்னர் மனைவியின் நகை போயிற்று. இன்று கடன் வட்டியுடன் 71 இலட்சம். வங்கியின் மதிப்பீட்டாளர் வீட்டுக்கு இட்ட விலை 58 இலட்சம். எம் மாணவர் கொடுக்க முன்வந்தது 54 இலட்சம். அதற்கு முத்திரைத் தீர்வையாக, முதல் இலட்சத்துக்கு நூற்றுக்கு மூன்றும் மிகுதிக்கு நூற்றுக்கு நான்குமாக, 2 இலட்சத்து 15 ஆயிரம் ரூபா சேரும். கைப்பணம் போதும். கடனில் விழுந்த வீட்டைக் கடன் வாங்கி வாங்குவதில்லை என்று அவர் முன்னரே முடிவு செய்திருந்தமை எமக்கு மிகுந்த திருப்தியைத் தந்தது.

வீடு வாங்கும்போது எம்மவர் வாசற்கதவு எத்திசை நோக்குகிறது, கிணறு எம்மூலையில் இருக்கிறது என்றெல்லாம் நுணுகிப் பார்ப்பார்கள். நல்லதுதான். காணிப் பதிவகத்தின் ஏட்டிலே அந்தக் காணி யார் யாரை நோக்குகிறது என்பதைப் பார்ப்பவர் மிகச் சிலர். 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் செல்லாது. எழுதினால் மட்டும் போதாது. 1927 ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, முந்திப் பதிந்தவருக்கே முதலிடம். ஆகவே பதுளைக் காணிப் பதிவகத்துக்கு நாம் இருவருமாகச் சென்று ஏட்டைப் பார்த்தோம். வங்கியின் ஈட்டுக்குக் கீழே இன்னொரு பதிவு இருந்தது. வட்டிக்குக் கொடுக்கும் தனியார் ஒருவருக்கு இரண்டாம் ஈடு, 4 இலட்சம். வீட்டுக்காரர் அதைச் சொல்லியிருக்கவில்லை. கேட்டதும் தலை குனிந்தார். வங்கி மட்டும் தன் ஈட்டை விடுவித்தால் இந்த இரண்டாம் ஈடு வீட்டோடு ஒட்டிக்கொண்டு எம் மாணவரின் தலையிலே விழுந்திருக்கும். விலையாகக் கொடுக்கும் தொகைக்குள்ளிருந்தே அவருக்கும் ஒரு சிறு பங்கைத் தீர்த்து, இரண்டு விடுதலைப் பத்திரங்களையும் ஒருங்கே பெறுவதற்கு வங்கியிடம் விண்ணப்பித்திருக்கிறோம்.

இதைவிடக் கொடியதொரு பொறியும் இப்பகுதியில் உண்டு. அவசரப் பணத்துக்கு ஈடு எழுதாமல் அறுதி உறுதியே எழுதிக் கொடுத்துவிட்டு, 'பணந் தந்தால் திருப்பி எழுதுகிறேன்' என்ற வாய்ச்சொல்லை நம்பியிருப்போர் பலர். அப்படி எழுதி வாங்கியவரிடமிருந்து மலிவென்று வீட்டை வாங்கப் போகின்றவர் கவனமாயிருக்கவேண்டும். 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவு, கைமாற்றியவருக்கு உரிமையை விட்டுவிடும் எண்ணமே இருந்ததில்லை என்று சூழ்நிலை காட்டுமாயின், வாங்கியவர் அச்சொத்தை அவருக்காகவே வைத்திருக்கிறார் என்று கொள்கிறது. பழைய சொந்தக்காரர் வழக்குத் தொடர்ந்தால் ஆண்டுகள் கழியும்.

தோட்டக் காணி என்று சொல்லி விற்க வருவோரை வாசலோடு அனுப்பிவிடுதல் நலம். 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992 க்குப் பின் கம்பனிகள் பெற்றவை நிர்வாகமும் குத்தகையுமே, நிலமன்று. லயத்தை விட்டு வெளியேறி 7 பேர்ச் காணியிலே வீடு பெற்ற எம்மக்களின் வீடுகளும் வாணிபத்துக்குரியவையல்ல. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு வழங்கிய காணிகளையும் பிரதேச செயலாளரின் சம்மதமின்றி விற்க முடியாது.

மற்றொன்று மலை. 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை இம்மாவட்டத்தார் மறக்கவியலாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் மலைகள் சரிந்தன. சுவரின் வெடிப்பு அத்திவாரத்தின் பிழையா, மலை நகர்வதன் அடையாளமா என்பதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தாரைக் கேட்டுத் தெளியாமல் ஒரு சதமும் கொடுக்கலாகாது. இந்த வீட்டின் பின்சுவரிலும் ஒரு வெடிப்பு இருந்தது. நிறுவனத்தார் வந்து பார்த்தனர். அது மண் நிரப்பியதால் வந்த இறக்கமென்று தெரியவந்தது.

பணம் கொடுக்கும் விதத்தையும் சொல்லிவிடுவோம். வீட்டுக்காரர் கையிலே முற்பணம் என்று எதையுங் கொடுக்கலாகாது, இரக்கத்தினாற்கூட. வங்கியின் எழுத்து மூலமான சம்மதம் வந்தபின், நொத்தாரிசின் மேசையிலே, காசோலையை வங்கியின் பெயருக்கே எழுதி, ஈட்டின் விடுதலையும் விற்பனை உறுதியும் ஒரே அமர்விலே கைச்சாத்தாகி, அன்றே பதிவுக்குச் செல்லவேண்டும். "வங்கிக்கு 50 என்று காட்டுவோம், எனக்குத் தனியே 4 தாருங்கள்" என்று வீட்டுக்காரர்கள் கெஞ்சுவதுண்டு. இந்த வீட்டுக்காரரும் கேட்டார். அது வங்கியை ஏமாற்றுவதென்று எம் மாணவர் மறுத்துவிட்டார். மறுத்தபோது அவர் முகத்தை நாம் பார்த்தோம். மறுப்பது எளிதாக இருக்கவில்லை.

திரும்பி வரும் வழியிலே நாம் மௌனமாக இருந்தோம். லயத்திலிருந்து புறப்பட்ட ஒருவர் பெற்ற முதல் உறுதியை, லயத்திலிருந்து புறப்பட்ட இன்னொருவர் வாங்குவதா என்ற எண்ணம் எம்மை வருத்திற்று. அதனை வெளிப்படையாகவே சொன்னோம். எம் மாணவர் பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலாகக் கணக்கொன்றைச் சொன்னார். "சேர், நான் விலகினால் வீடு ஏலத்துக்குப் போகும். 54 க்கே போனாலும் 17 இலட்சம் கடன் நிற்கும். வீடும் இல்லை, கடனும் தீராது. மிகுதிக்கு வங்கி அவர் மீதும் பிணை நின்றவர்கள் மீதும் வழக்கு வைக்கலாம்" என்றார்.

பிணை என்ற சொல் எமக்குச் சுருக்கென்றது. பல ஆண்டுகளுக்கு முன் சக ஆசிரியர் ஒருவருக்காக நாம் கையொப்பமிட்டோம். அவர் நாடு விட்டுப் போய்விட, எமது சம்பளத்திலே 26 மாதங்கள் கழிக்கப்பட்டன. வீட்டிலே அவ்விரு தீபாவளிகளும் எப்படிக் கழிந்தன என்பதை இங்கே எழுதவேண்டியதில்லை. இந்த வீட்டுக்காரருக்குப் பிணை நிற்பவர்கள் இருவர். ஒருவர் தோட்டப் பாடசாலை ஆசிரியர்.

இந்த இடத்திலேதான் தொழில் தொடங்குவோர் எவரும் எளிதிற் கவனிக்காத விஷயம் இருக்கிறது. ஈட்டை விடுவித்தல் வேறு. கடனை முடித்தல் வேறு. வாங்குபவருக்கு முதலாவது போதும். வீடு அவருக்குச் சுத்தமாக வந்துவிடும். இரண்டாவது வேண்டியிருப்பது வீட்டுக்காரருக்கும் பிணையாளருக்குமே. ஆனால் அவர்களோ வங்கியிடம் கடன்பட்டு, தலை நிமிர்ந்து பேசவும் கூசி நிற்பவர்கள். பணத்தோடு மேசையிலே அமர்ந்திருப்பவர் வாங்குபவர் ஒருவரே. 'இத்தொகையுடன் கடன் முழுவதும் தீர்ந்தது. கடனாளியிடமோ பிணையாளரிடமோ மேலும் கோரமாட்டோம்' என்ற வாசகம் கடிதத்திலே ஏறவேண்டுமானால் அதனைக் கேட்கக்கூடியவர் அவர்தாம்.

பத்து நாட்களுக்கு முன் வங்கியின் கடிதம் வந்தது. 54 இலட்சத்தைப் பெற்று ஈட்டை விடுவிக்கச் சம்மதம் என்றிருந்தது. மிகுதி 17 இலட்சம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சட்டத்தரணி, "உமக்கு வேண்டியது வந்துவிட்டதே, நாளைக்கே எழுதிவிடலாம்" என்றார். எம் மாணவர் அன்று மாலை எம் வீட்டு மேசையிலேயே இருந்து, அந்த வாசகத்தைச் சேர்த்துத் தரும்படி வேண்டிப் பதிற்கடிதம் எழுதினார். அதிலிருந்த எழுத்துப் பிழை இரண்டை நாம் திருத்திக் கொடுத்தோம். வீட்டுக்காரரின் மகளுக்குச் சாதாரணதரப் பரீட்சை முடியும்வரை குடும்பம் அங்கேயே இருக்கலாமென்றும் தனியாக ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டார். வங்கி மறுத்தால் என்ன செய்வீர் என்று கேட்டோம். "இன்னொரு இலட்சம் கூட்டிக் கேட்டுப் பார்ப்பேன், சேர். அதற்கு மேல் என்னிடம் இல்லை" என்றார்.

பதில் இன்னும் வரவில்லை. வந்ததும் வாசகர்களுக்கு அறிவிப்போம்.